கேட்டது நானூற்று ஐம்பத்தைந்து

கம்பவுண்டர் அரிகிருஷ்ணனுக்கு ஒரு வியாதி உண்டு. தேவை எவ்வளவோ அவ்வளவுதான் கேட்பார். அரசாங்க உத்தியோகத்தில் இப்படி ஒரு வியாதியை வைத்துக்கொண்டு பதினான்கு வருடம் தள்ளிய மனிதர் எனக்குத் தெரிந்து அவர் ஒருவர்தான். போன வருடம், எண்பத்தெட்டில், ஓய்வு பெற்றார். மாலை போட்டோம், மிக்சர் தின்றோம், நேர்மையான ஊழியர் என்று நாலு பேர் எழுந்து பேசினோம். அந்த நாலு பேரில் நானும் ஒருவன். அன்று பேசியதில் பாதியை விழுங்கிவிட்டேன். அந்தப் பாதியை இங்கே எழுதுகிறேன்.

என் பெயர் சுப்பிரமணியன். புதுச்சேரியில் கடற்கரைக்கு இரண்டு தெரு தள்ளி, பிரெஞ்சுக்காரன் கட்டிவிட்டுப் போன ஒரு பழைய வீட்டில் எங்கள் மருந்துக் கிடங்கு இருந்தது. சுற்றுவட்டாரக் கிராமங்களின் ஆரம்ப சுகாதார நிலையங்களுக்கு மாத்திரை, மருந்து, பஞ்சு எல்லாம் இங்கிருந்துதான் போகும். மூன்று மாதத்துக்கு ஒரு முறை ஒவ்வொரு நிலையத்திலிருந்தும் என்ன மருந்து எவ்வளவு வேண்டும் என்று ஒரு பட்டியல் வரும். அதற்கு இண்டென்ட் என்று பெயர். அதில் உள்ள ஒவ்வொரு எண்ணையும் சிவப்பு மையால் அடித்து, மூன்றில் ஒரு பங்காக்கிப் பக்கத்தில் எழுதுவது என் வேலை. இதற்காக நான் பி.ஏ. படித்தேன்.

ஏன் மூன்றில் ஒரு பங்கு என்று கேட்காதீர்கள். எனக்கு முன்னால் அந்த நாற்காலியில் இருந்தவரும் அப்படித்தான் வெட்டினார். வெளியில் இருந்த கம்பவுண்டர்களுக்கும் இது தெரியும். அதனால் நூறு வேண்டும் என்றால் முந்நூறு எழுதுவார்கள். நான் நூறாக வெட்டுவேன். 'ஐயோ, இது எப்படிப் போதும்' என்று அவர்கள் ஒரு பாட்டம் புலம்புவார்கள். 'கஜானாவில் பணம் இல்லை' என்று நான் ஒரு பாட்டம் புலம்புவேன். மீன் கடையில் நடக்கிற பேரம்தான், இங்கே முத்திரை குத்திய காகிதத்தில் நடந்தது. இரண்டு தரப்பும் பொய் சொன்னதால் ஊருக்கு மருந்து சரியாகப் போய்ச் சேர்ந்துகொண்டிருந்தது.

இந்த நல்ல ஏற்பாட்டுக்குள் அரிகிருஷ்ணன் எழுபத்து நாலாம் வருடம் வந்து சேர்ந்தார். உழவர்கரைக்காரர். அப்பா நூல் மில்லில் முப்பது வருடம் வேலை செய்தவர். தினமும் வேலை முடிந்து வெளியே வரும்போது வாசலில் மடியை உதறிக் காட்டிவிட்டு வர வேண்டும். ஒரு முழம் நூல் அதிகமாக ஒட்டிக்கொண்டிருந்தாலும் வேலை போய்விடும். அந்த வீட்டில் வளர்ந்த பிள்ளை, அதே மில்லின் மருந்தகத்தில் பொடி மடித்துக் கொடுத்துத் தொழில் பழகி, பிறகு பரீட்சை எழுதிச் சான்றிதழ் வாங்கி, தவளக்குப்பம் தாண்டி உள்ளே நாலு மைலில் இருந்த ஒரு சுகாதார நிலையத்துக்குக் கம்பவுண்டராக வந்தார். தினமும் சைக்கிளில் போய் சைக்கிளில் திரும்புவார். சட்டைப்பை எப்போதும் காலியாக, தட்டையாக இருக்கும்.

எழுபத்தைந்து ஏப்ரலில் அவருடைய இண்டென்ட் என் மேஜைக்கு வந்தது. கார்டினால் மாத்திரை, நானூற்று ஐம்பத்தைந்து என்று எழுதியிருந்தது. கார்டினால் என்பது வலிப்பு நோய்க்குத் தினமும் கொடுக்கிற மாத்திரை. விடாமல் சாப்பிட்டால் வலிப்பு வராது. திடீரென்று நிறுத்தினால் முன்பைவிட மோசமாக வரும். அது அப்போது எனக்குத் தெரியாது. எனக்குத் தெரிந்ததெல்லாம், ஐந்நூறு, ஆயிரம் என்று உருண்டையாக எழுதத் தெரியாத ஒரு கிறுக்கன் வந்திருக்கிறான் என்பதுதான். அடித்து நூற்றைம்பது என்று போட்டேன். அந்த ஐந்தைக்கூட அப்படியே விட மனம் வரவில்லை.

மறுநாளே சைக்கிளை மிதித்துக்கொண்டு வந்துவிட்டார்.

"சார், இதுல நூத்தம்பதுன்னு போட்டிருக்குது."

"ஆமா, நாந்தான் போட்டேன்."

"நாலு பேருக்கு வலிப்பு சார். மூணு பேருக்கு நாளைக்கு ஒண்ணு. ஒரு பொண்ணுக்கு மட்டும் ரெண்டு. ஆக அஞ்சு மாத்திர. இந்தக் காலாண்டுல தொண்ணூத்தியொரு நாளு. நீங்க குடுத்தது ஒரு மாசத்துக்குத்தான் வரும்."

"அப்ப ஆயிரத்து ஐநூறுன்னு எழுத வேண்டியதுதானே? நாங்க என்ன கண்டோம்?"

"இல்லாத ஆளுக்கு எப்பிடி சார் எழுதறது?"

இதைக் கேட்டு அலுவலகமே சிரித்தது. எங்கள் கிடங்கு அதிகாரி இராமலிங்கம் பிரெஞ்சு ஆட்சியில் குமாஸ்தாவாகச் சேர்ந்தவர். கோபமோ சந்தோஷமோ வந்தால் எல்லோரையும் 'முசியே' என்பார். அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "முசியே அரிகிருஷ்ணன், நீங்க கேக்கறது குடுத்துட்டா மத்தவங்க கேக்கறதயும் குடுக்கணும். அப்பறம் இந்தக் கிடங்கு எதுக்கு?" என்றார். அரிகிருஷ்ணன் அதை நிஜமாகவே யோசித்துப் பார்க்கிற முகத்தோடு நின்றார்.

ஜூலையில் நானூற்று அறுபது என்று வந்தது. என்னப்பா, ஐந்து கூடியிருக்கிறதே, இவனும் திருந்துகிறானோ என்று பார்த்தால், அந்தக் காலாண்டுக்கு ஒரு நாள் அதிகமாம். அடுத்த ஜனவரி காலாண்டுக்குத் தொண்ணூறு நாள், பத்து குறைய வேண்டும், ஐந்துதான் குறைந்தது. என்ன என்று கேட்டதற்கு, பிப்ரவரிக்கு இருபத்தொன்பது நாள் சார் என்றார். இப்படிப்பட்ட ஆளை என்ன செய்வது? வெட்டினேன். ஒவ்வொரு முறையும் வெட்டினேன். கை தானாகப் போய்விட்டது.

கிடங்கில் மருந்தே இல்லையா என்றால், அப்படியும் இல்லை. வருடம் முழுக்கப் பணம் இல்லை என்பார்கள். மார்ச் மாதம் வந்ததும், ஒதுக்கிய பணம் மீதி இருக்கிறது, முப்பத்தொன்றாம் தேதிக்குள் செலவழிக்காவிட்டால் திரும்பப் போய்விடும் என்று மேலிடத்திலிருந்து ஆள் மேல் ஆள் வரும். அந்த நேரத்தில் எந்த வியாபாரி எதை வைத்திருக்கிறானோ அதை வாங்க வேண்டியதுதான். எழுபத்தேழு மார்ச்சில் ஒரு வியாபாரியிடம் வாய்ப்புண்ணுக்குத் தடவுகிற ஊதா மருந்து மட்டும்தான் இருந்தது. வாங்கினோம். எட்டு வருடத்துக்குத் தாங்குகிற அளவுக்கு வாங்கினோம். கிடங்கில் நடக்க இடமில்லாமல் எல்லா நிலையங்களுக்கும் தள்ளிவிட்டோம். அந்த வருடம் வாய்ப்புண்ணுக்கு ஊதா, சேற்றுப்புண்ணுக்கு ஊதா, தலைவலி என்று வந்தவனுக்கும் நெற்றியில் ஊதா. தவளக்குப்பம் பக்கத்து ஆடுகளைப் பார்த்தால் யாருடைய ஆடு என்று அடையாளத்துக்கு ஊதாப் புள்ளி வைத்திருந்தார்கள். அரசாங்க மருந்தால் பயன் இல்லை என்று யாரும் சொல்ல முடியாது.

அரிகிருஷ்ணன் அதையும் ஒரு வழியாக்கிக்கொண்டார். எழுபத்தாறு கடைசியிலிருந்து மாதம் தவறாமல் கிடங்குக்கு வர ஆரம்பித்திருந்தார். ஏன் அப்போதிருந்து என்று நான் கேட்டதில்லை. வருவார், ஓரமாக நிற்பார், "சார், அம்பது கார்டினால் இருக்குமா?" என்பார். நான் "இருவது பாட்டில் ஊதாவ எடுத்துக்கிட்டுப் போ, அம்பது தரேன்" என்பேன். கேரியரில் கட்டி எடுத்துக்கொண்டு போவார். மூன்று மடங்கும் ஐந்து மடங்கும் எழுதிப் பெட்டி பெட்டியாக வாங்கி வைத்திருந்த மற்ற கம்பவுண்டர்களிடமும் போய் நிற்பார். அவர்கள் இரண்டு பொட்டலம் கொடுத்துவிட்டு நாலு கிண்டல் பண்ணுவார்கள். அவர் பொட்டலத்துக்கு மட்டும் ரசீது எழுதிக் கொடுத்துவிட்டு வருவார்.

எண்பதில், கிராமப்புற மக்களுக்கு அத்தியாவசிய மருந்துகள் என்று நகரத்தில் ஒரு கருத்தரங்கு நடந்தது. டெல்லியிலிருந்து ஆட்கள் வந்தார்கள். பணம் எங்கிருந்து வரும், எப்படிப் பகிர்வது என்று காலை முழுவதும் பேசினார்கள். மதியம் இறால் பிரியாணி. கேள்வி கேட்கலாம் என்றதும் அரிகிருஷ்ணன் எழுந்து, "கேட்டத குடுத்துட்டா போதுமே சார்" என்றார். அருமையான கருத்து என்று எழுதிக்கொண்டார்கள். எல்லோருக்கும் ஒரு துணிப்பை கொடுத்தார்கள். அந்தக் கருத்தரங்கில் உருப்படியாக வந்தது அந்தப் பைதான். அதன் பிறகு அவர் கார்டினால் பொட்டலங்களை அதில் போட்டுக்கொண்டு போனார்.

எண்பத்திரண்டு மே மாதம், இருப்பைச் சரிபார்க்க அவருடைய நிலையத்துக்கு நான் போக வேண்டி வந்தது. ஏழு வருடமாக எண்ணாகப் பார்த்ததை அன்றுதான் ஆளாகப் பார்த்தேன். சனிக்கிழமை. வலிப்பு நோயாளிகள் ஒரு வார மாத்திரை வாங்குகிற நாள். ஒரு பெண் வந்தாள். மல்லாட்டை என்கிற நிலக்கடலை பிடுங்கிய மண் கையெல்லாம் ஒட்டியிருந்தது. சின்னப்பாப்பா என்று பெயர். பதினெட்டு வயது. நாளைக்கு இரண்டு மாத்திரை என்று அவர் சொன்ன பெண் அவள்தான். கூடவே அவள் அம்மா ஆதிலட்சுமி. பெண்ணின் இடது கை முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை வெந்து சுருங்கியிருந்தது.

"இது எப்ப ஆச்சு?" என்று கேட்டேன்.

"எழுவத்தாறுல சாமி, ஐப்பசி மாசம்," என்றாள் ஆதிலட்சுமி. "நெல்லு அவிச்சுக்கிட்டிருந்தோம். வலிப்பு வந்து அண்டாமேல உழுந்துட்டா. அந்த வாட்டி டவுன்லேந்து மாத்திர வரலியாம். அதுக்கப்பறம் கம்பவுண்டர் ஐயா ஒரு நாளுகூட உட்டதில்ல. அஞ்சு வருசத்துக்கு மேல ஆவுது, ஒரு தபா கூட வரல."

டவுன் என்று அவள் சொன்னது என்னைத்தான். அது அவளுக்குத் தெரியாது. அரிகிருஷ்ணனுக்குத் தெரியும். அவர் பக்கத்திலேயே குனிந்து பொட்டலம் மடித்துக்கொண்டிருந்தார். ஐந்து வருடமாக மாதாமாதம் என் எதிரில் வந்து நின்றவர், ஒரு நாள், ஒரே ஒரு நாள், இந்தக் கையைப் பற்றி என்னிடம் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. எனக்கு வெட்கமாக இருந்தது. அந்த வெட்கம் அவர்மேல் கோபமாகத்தான் வெளியே வந்தது.

"யோவ், நேர்ம நேர்மன்னு இந்தப் பொண்ணோட கைய வேக வெச்சது நீயும்தான். ஒரே ஒரு தடவ மூணு மடங்கு எழுதினா ஒன் தலையா போயிடும்? ஊரே எழுதுதுய்யா!"

வழக்கமான பதிலை எதிர்பார்த்தேன். அவர் பொட்டலத்தை மடித்து முடித்துவிட்டு, "யோசிக்கறேன் சார்" என்றார்.

திரும்பி வரும் வழியெல்லாம் ஜீப்பில் நானும் யோசித்தேன். தவளக்குப்பம் வருவதற்குள் ஒரு முடிவுக்கு வந்துவிட்டேன். இனி எவன் எண்ணை வெட்டினாலும் இந்த மனிதரின் எண்ணை வெட்டக்கூடாது. அவர் கேட்பது அப்படியே போகட்டும். இந்த முடிவை நான் அவரிடம் சொல்லவில்லை. அவர் என்ன யோசித்தார் என்று அவரும் என்னிடம் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் இந்தக் கதையே இல்லை.

ஜூனில் சின்னப்பாப்பாவுக்குக் கல்யாணம் நிச்சயமானது. மாப்பிள்ளை ஏழெட்டு மைல் தள்ளி ஒரு ஊர். அது வேறொரு சுகாதார நிலையத்தின் எல்லை. வலிப்பு என்று மாப்பிள்ளை வீட்டில் யாருக்கும் தெரியாது. தெரிந்தால் கல்யாணம் இல்லை. போன இடத்தில் மாத்திரை ஒரு நாள் தவறினால் கல்யாணம் இருந்தும் இல்லை. அரிகிருஷ்ணன் இதை எத்தனை நாள் யோசித்தாரோ தெரியாது. ஜூலை இண்டென்டில் வாழ்க்கையில் முதல் முறையாகப் பொய் எழுதினார். கார்டினால், ஆயிரத்து முந்நூற்று எண்பது. அந்தப் பொய்யிலும் மனிதர் நாள் கணக்கை விடவில்லை. நானூற்று அறுபதைச் சரியாக மூன்றால் பெருக்கியிருந்தார். நான் வழக்கம்போல் வெட்டினால், தேவையானது கையில் நிற்கும்.

நான் வெட்டவில்லை. எண்ணைப் பார்க்கக்கூட இல்லை. பார்த்தால் அவரைச் சந்தேகப்பட்ட மாதிரி ஆகும் என்று நினைத்து, 'முழுவதும் வழங்கலாம்' என்று எழுதிக் கையெழுத்தைப் போட்டு, அன்று மாலை கடற்கரையில் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நடந்தேன். அந்த வருடம் கார்டினாலுக்கு ஒதுக்கிய பணம் குறைவு. அடுத்த மார்ச் வரை எல்லா நிலையங்களுக்கும் சேர்த்துக் கிடங்கில் இருந்தது ஆயிரத்து ஐந்நூறு. அதில் ஆயிரத்து முந்நூற்று எண்பது தவளக்குப்பம் பக்கம் போய்விட்டது.

வந்த மாத்திரையைப் பார்த்து அரிகிருஷ்ணன் அரண்டுபோயிருப்பார். ஆனால் செப்டம்பர் முதல் தேதி கல்யாணம். எல்லோரும் மொய் எழுத, இவர் நூற்றெண்பத்திரண்டு மாத்திரையைப் பொட்டலமாகக் கட்டி, மஞ்சள் பையில் போட்டு, ஆதிலட்சுமி கையில் கொடுத்தார். தொண்ணூற்றொரு நாளைக்கு. நவம்பர் முப்பது வரை. அதற்குள் மீதியை என்ன செய்வது, யாரிடம் எப்படிச் சொல்வது என்று அவர் ஒரு வழி கண்டுபிடித்திருப்பார்.

அதற்குள் மற்ற நிலையங்களில் கார்டினால் தீர்ந்துவிட்டது. முதல் புகார் எந்த நிலையத்திலிருந்து வந்தது தெரியுமா? சின்னப்பாப்பா வாழப்போன ஊரின் நிலையத்திலிருந்துதான். அங்கே கம்பவுண்டர் வடிவேல். ஐந்து மடங்கு எழுதுகிற பழக்கமுள்ளவர். கையிலிருந்த பழைய சரக்கு தீர்ந்து, புதிதாக ஒன்றும் கிடைக்காமல், 'மாத்திரையெல்லாம் ஒரே இடத்தில் பதுக்கப்பட்டுள்ளது' என்று எழுதிவிட்டார். பதுக்கல் என்றால் என்ன என்று அவருக்குத் தெரியாமல் வேறு யாருக்குத் தெரியும்?

செப்டம்பர் பதினான்காம் தேதி இராமலிங்கம் தலைமையில் ஜீப் போனது. அந்த ஜீப்புக்குப் போட்ட பெட்ரோல் காசில் எல்லா நிலையத்துக்கும் கார்டினால் வாங்கியிருக்கலாம். அரிகிருஷ்ணனின் அலமாரியை உதறினார்கள். பதிவேட்டில் இருந்த மற்ற மூன்று நோயாளிகளுக்கு மார்ச் வரை தேவையானதை விட்டுவைத்தார்கள். கல்யாணமாகிப் போனதால் சின்னப்பாப்பாவின் பெயர் பதிவேட்டில் அடிக்கப்பட்டிருந்தது. ஆகவே அவளுக்குத் தேவை என்று ஒன்று இல்லை. மிச்சம் இருநூற்று ஐம்பத்திரண்டு. அதை ஒரு தகர டப்பாவில் போட்டு, துணி சுற்றித் தைத்து, அரக்கு முத்திரை வைத்து, 'சரியாக உள்ளது' என்று அரிகிருஷ்ணனிடம் கையெழுத்து வாங்கி, விசாரணை முடியும்வரை கிடங்கில் வைக்க எடுத்து வந்தார்கள். மூன்று மடங்கும் ஐந்து மடங்கும் எழுதியவர்கள் நிறைந்த இலாகாவில், ஒரு தடவை எழுதியவர் மாட்டினார்.

முழுவதும் வழங்கலாம் என்று எழுதியவன் நான். என்னை யாரும் ஒன்றும் கேட்கவில்லை. நம்பிக் கொடுத்தான், அவன் ஏமாற்றிவிட்டான் என்று என்மேல் பரிதாபப்பட்டார்கள். அரிகிருஷ்ணனை யானாமுக்கு மாற்றினார்கள். புதுச்சேரி அரசாங்கத்தில் ஒருவனைத் தண்டிக்க வேண்டுமென்றால் சிறை எதற்கு? ஆந்திராவுக்குள் ஒரு மூலையில் யானாம் என்று ஒரு துண்டு நிலத்தை நமக்காகவே பிரெஞ்சுக்காரன் விட்டுவிட்டுப் போயிருக்கிறான்.

நவம்பர் நடுவில் யானாமிலிருந்து எனக்கு ஒரு தபால் அட்டை வந்தது. 'சின்னப்பாப்பாவுக்கு நவம்பர் முப்பதோடு மாத்திரை முடிகிறது. தங்களுக்குத் தெரிவித்துக்கொள்கிறேன்.' அவ்வளவுதான். கொடுங்கள் என்று இல்லை, ஏதாவது செய்யுங்கள் என்று இல்லை. எனக்கு எரிச்சலாக வந்தது. ஒரு வாரம் அந்த அட்டையைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு திரிந்தேன்.

இருபத்தொன்பதாம் தேதி ஆதிலட்சுமி கிடங்கு வாசலில் வந்து நின்றாள். பழைய நிலையத்தில் கேட்டிருக்கிறாள். பெயர் அடித்தாயிற்று, கட்டிக்கொடுத்த ஊரில் போய்க் கேள் என்று புதுக் கம்பவுண்டர் சொல்லிவிட்டார். அந்த ஊரில் வடிவேல் கையை விரித்துவிட்டார். டவுனில் மருந்துக் கடையில் டாக்டர் சீட்டு கேட்டார்கள். சீட்டு வேண்டுமென்றால் பெண்ணே நேரில் பெரிய ஆஸ்பத்திரிக்கு வர வேண்டும். வந்தால் மாமியார் வீட்டுக்குத் தெரிந்துவிடும்.

"கம்பவுண்டர் ஐயாகிட்டேந்து எடுத்தாந்த மாத்திர இங்கதான் இருக்குதாமே சாமி?"

"இருக்கு. ஆனா சீல் வெச்சிருக்கு. விசாரண முடியற வரைக்கும் யாரும் தொடக்கூடாது."

"சீல் வெச்சிருக்கற வரைக்கும் எம் பொண்ணுக்கு வலிப்பு வராம இருக்குமா சாமி? அந்த ஊட்லயும் அவதான் நெல்லு அவிக்கறா."

நக்கலாகக் கேட்கவில்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்டாள். அது இன்னும் மோசமாக இருந்தது.

எங்கள் ஊரில் மதியம் ஒரு மணிக்குக் கடைகளைச் சாத்தினால் நாலு மணிக்குத்தான் திறப்பார்கள். அந்தப் பழக்கத்தை இராமலிங்கம் அலுவலகத்திலும் காப்பாற்றி வந்தார். சாப்பிட்டதும் சாய்வு நாற்காலியில் படுத்தால் மூன்று மணிவரை ஜீப் ஏற்றினாலும் எழுந்திருக்க மாட்டார். ஆதிலட்சுமியை வேப்பமரத்தடியில் உட்காரச் சொல்லிவிட்டு உள்ளே போனேன். தகர டப்பாவைத் தலைகீழாகக் கவிழ்த்து, அடிப்பக்கத் தையலைப் பிரித்தேன். மேலே இருந்த அரக்கு முத்திரை இருந்தபடி இருந்தது. டிசம்பர் முதல் மார்ச் கடைசி வரை, புதுக் கொள்முதல் வருகிற வரை, நூற்றிருபத்தொரு நாள். நாளைக்கு இரண்டு. இருநூற்று நாற்பத்திரண்டு மாத்திரை எண்ணி எடுத்தேன். ஏழு வருடம் மூன்றால் வகுத்தவன், அன்றுதான் நாள் கணக்குப் பார்த்தேன். மீதிப் பத்து மாத்திரையோடு டப்பாவை மூடி, கோணி ஊசியால் மறுபடி தைத்தேன். அவசரத்தில் விரலில் இரண்டு இடத்தில் குத்திக்கொண்டேன்.

ஆதிலட்சுமி பொட்டலத்தை வாங்கி இடுப்பில் செருகிக்கொண்டு ஓட்டமாகப் போனாள். நான் கடைத்தெருவுக்குப் போய் எனக்கு நானே கால் கிலோ அல்வா வாங்கிக்கொண்டேன். அவ்வளவு பெருமை. சின்னப்பாப்பாவுக்கு வலிப்பு வரவில்லை. மார்ச்சில் புதுச் சரக்கு வந்தது. வடிவேலிடமும் மாத்திரை வந்தது. அடுத்த ஆடியில் அவள் வயிற்றுப் பிள்ளையோடு அம்மா வீட்டுக்கு வந்து போனதாகக் கேள்விப்பட்டேன்.

அரிகிருஷ்ணன் யானாமில் தெலுங்கு கற்றுக்கொண்டிருந்தார். விசாரணை ஒன்றரை வருடம் நடந்தது. எண்பத்து நாலு ஏப்ரலில் முடித்துவைத்தார்கள். பதுக்கல் என்று சொல்ல முடியாது, கிடங்கே முழுவதும் வழங்கியிருக்கிறது, எச்சரிக்கையோடு விடலாம் என்று தீர்ப்பு. காலாவதியாகிவிட்ட மாத்திரைகளை மட்டும் சம்பந்தப்பட்டவர் முன்னிலையில் எண்ணி அழித்துவிட்டால் கோப்பு முடிந்தது. அரிகிருஷ்ணன் வந்தார். தலை நரைத்திருந்தது. இராமலிங்கம் முத்திரையைத் தூக்கிப் பார்த்து, பழுதில்லை என்று எழுதி, உடைத்து, டப்பாவை மேஜைமேல் கவிழ்த்தார். பத்து மாத்திரை உருண்டது.



"இருநூத்து நாப்பத்திரண்டு கொறையுது," என்றார் இராமலிங்கம். "சீல் அப்படியே இருக்கு. அப்படின்னா உள்ள வெக்கும்போதே கொறைஞ்சிருக்கணும். சரியா இருக்குன்னு கையெழுத்து போட்டது யாரு? நீங்க. என்ன முசியே இது?"

அரிகிருஷ்ணன் அந்தப் பத்து மாத்திரையைப் பார்த்தார். உதடு மெல்ல அசைந்தது. இருநூற்று நாற்பத்திரண்டை இரண்டால் வகுக்கிறார் என்று எனக்குத் தெரிந்தது. பிறகு சுவரில் மாட்டியிருந்த நாட்காட்டியைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். அவர் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது. அதை நான் சாகும்வரை மறக்க மாட்டேன்.

"நாந்தான் சார். எண்ணி வெக்கும்போது கொறச்சுட்டேன்," என்றார்.

எச்சரிக்கையோடு முடிய வேண்டிய கோப்பில், ஒரு இன்கிரிமென்ட் நிரந்தர வெட்டு என்று எழுதினார்கள். நான் பக்கத்திலேயே நின்றேன். 'இல்லை, நான்தான் எடுத்தேன்' என்று சொல்ல மூன்று சொல் போதும். எனக்கு இரண்டு பெண்கள், மூத்தவளுக்கு மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருந்தேன், யானாம் என்ற பெயரைக் கேட்டாலே என் மனைவி அழுவாள். காரணங்கள் எல்லோரிடமும் இருக்கின்றன. நான் வாயைத் திறக்கவில்லை. வெட்டுகிற உத்தரவை என்னையே எழுதச் சொன்னார்கள். அதே சிவப்பு மைதான்.

சைக்கிள் நிறுத்துமிடம் வரை அவர் பின்னாலேயே ஓடினேன். என்ன சொல்வதென்று தெரியாமல், "ஏன்யா இப்படிப் பண்ணீங்க?" என்று அவரையே கேட்டேன்.

"கணக்கு சரியா இருந்துச்சே சார்," என்றார். "நூத்தி இருவத்தியொரு நாளு. ஒண்ணு கூடவும் இல்ல, ஒண்ணு கொறையவும் இல்ல. நான் எடுத்திருந்தாலும் அவ்வளவுதான் எடுத்திருப்பேன். அப்ப நான் எடுத்ததுதானே?"

சைக்கிளில் ஏறிப் போய்விட்டார். கோப்பு முடிந்ததால் அவரைப் பழைய நிலையத்துக்கே திருப்பி அனுப்பினார்கள். அதன் பிறகு அவருடைய இண்டென்டில் எண்ணைப் பார்த்துவிட்டுத்தான் முழுவதும் கொடுத்தேன். அவரும் பழையபடி நாள் கணக்குப் பார்த்து, மீதி மூன்று பேருக்கு இருநூற்று எழுபத்து மூன்று, இருநூற்று எழுபத்தாறு என்றே எழுதினார். மற்றவர்களுக்கு மூன்றில் ஒரு பங்குதான், அது மாறவில்லை. ஓய்வு பெற்ற நாளில் அவருக்கு மாலை போட்டபோது காதருகில், மன்னிச்சுடுங்க என்று சொன்னேன். மேளச் சத்தத்தில் கேட்டதோ இல்லையோ, தலையை ஆட்டினார்.

இந்த வருடம் நானும் ஓய்வு பெற்றுவிட்டேன். இப்போது இருவரும் ஒன்றாந்தேதி ஒரே வரிசையில் நின்று ஓய்வூதியம் வாங்குகிறோம். அவருடையதில் அந்த ஒரு இன்கிரிமென்ட் இன்னும் குறைகிறது. என்னுடையது முழுவதுமாக வருகிறது.